மார்செல்லோ மல்பீகியார்

இத்தாலி தேசத்தில் பொலோனியா நகரை அடுத்த கிரெவால்கோரே என்னுஞ் சிற்றூரில் 1628-ம் ஆண்டில் மல்பீகியார் பிறந்தனர். இரத்தவோட்டத்தைப் பற்றிய ஹார்வியாரின் நூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. வாலிபத்திற்றானே பெற்றோரை இழந்து, குடும்பபாரத்தையுந் தாங்கிக்கொண்டு, 1653-ல் வைத்தியப் பட்டம் பெற்றனர். 1661-ல் தவளையின் நுரையீரலிலே தந்துகிகளைக் கண்டு, ஹார்வியார் கண்ணுக்கெட்டாதிருந்த வழியைக் காட்டினார். இதனை நம் மாணவர் யாவரும் அறிவர். ஆதலின், அவர் குண்டிக்காயிற் கண்டதையே ஈண்டு எடுத்துரைப்போம்.

1666-ல் வெளிவந்த நூலொன்றில் அவ்வாராய்ச்சி காணப்படும். குண்டிக்காயின் நாடிக்குள் அவர் கருமை கலந்த திரவத்தைச் செலுத்திப் பூதக்கண்ணாடியால் நோக்கினார். நுண்ணிய கிளைகளின் நுனிகளிலே கனிகள் காய்த்துத் தொங்குவனபோலச் சிறு உருண்டைகள் கறுத்துத் தோன்றின. சிறுநீர் பிரிவது இவ்விடத்தேதான் என்று அவர் ஊகித்தனர், ஊகம் சரியே. ஆயினும் அவ்வுருண்டை சிறுநீர்க்குழாயோடு சேருமிடத்தை அவர் கருவி காட்டவில்லை. 1842-ல் லண்டன் வைத்தியர் போமன் என்பவரே அதனைத் தெளிவுறக் காட்டினார்.

1669-ல் லண்டன் ராயல் சொஸைட்டியார் மல்பீகியாரின் பட்டுப்புழு நூலைப் பிரசுரித்தனர். அவ்வேலையின் கடுமையால் அவருக்குச் சுரமுங் கண்ணோயும் உண்டாயின. புழுவின் குடலோடு சேர்ந்த மெல்லிய நீண்ட குழாய்கள் சிலவற்றை அவர் அதிலே வருணித்தார். அவற்றின் தொழிலை மட்டும் அறிந்திலர். குண்டிக்காயின் உருண்டையையும் புழுவின் குழாயையும் மூன்றாண்டுக்குள் கண்ட ஒருவரே, இரண்டுஞ் செய்வது ஒரே தொழிலின் இரு பகுதிகள் என்பதை அறியாது போயினர்! இன்று அவ்விரண்டும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈயை யார் மதிப்பர்? அதற்கு இத்தகைய குழாய்கள் நான்கு உள. இரத்தத்தை வடிக்கும் உயிரணுக்களோ குழாயோடு சேராமல், இருதயத்தின் அருகிலும் உணவுக்குழலின் அருகிலும் தனியே இருக்கின்றன. நம்முடலில் ஒன்றாய் இணைந்தது ஈயில் இரண்டாய்ப் பிரிந்து நிற்றலின், ஒவ்வொன்றையுந் தனித்து ஆராய்தல் எளிது. நம் குண்டிக்காயின் சல்லடைக்கு நெப்ரின் என்னும் புரதம் இன்றியமையாதது. அது பழுதுபட்டுப் பிறக்குங் குழந்தைகளின் சிறுநீரில் புரதம் ஓயாது கசிந்துபோகும். ஈயின் அணுக்களிலும் அதற்கு இனமான புரதத்தாலேயே சல்லடை அமைந்துள்ளதென்பது 2009-ல் விளங்கிற்று. 2011-ல் தைவான் ஆராய்ச்சியாளர், எதிலீன் கிளைகால் கலந்த உணவை ஈக்களுக்குக் கொடுத்து, அவற்றின் குழாய்களில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்களை உண்டாக்கினர். நம்மை வருத்துங் கற்களிற் பெரும்பாலானவை இப்பொருளால் ஆயவையே. குழாயின் சுவர் தெளிவாயிருத்தலின் படிகம் வளர்வதைப் பூதக்கண்ணாடியிற் காணலாம். முட்டையினின்று பத்து நாளில் ஈ முதிர்தலின் மருந்துகளை விரைவிற் சோதிக்கலாம். ஆனால் ஈக்கு உதவிய மருந்தெல்லாம் மனிதர்க்கும் உதவுமென்று துணிதல் கூடாது.

மல்பீகியாரின் முதுமையைக் கூறாது விட்டோம். 1684-ல் அவர் இல்லம் எரியுண்டு, கையெழுத்துப் பிரதிகளும் கருவிகளும் அழிந்தன. 1691-ல் பாப்பரசருக்கு வைத்தியராக ரோமாபுரிக்குச் சென்றனர். கல்லடைப்பு நோய் அவரையே நெடுங்காலம் வாட்டியது. 1694-ல் அவர் இறந்தபின் பாக்லீவி என்னும் வைத்தியர் உடலை அறுத்துச் சோதித்தார். குண்டிக்காய்களில் ஒன்று மற்றதினுஞ் சிறுத்துப் போயிருந்தது.