காலா அஜாரை வென்ற பிரம்மச்சாரி

போர்க்களத்து வீரரைப் போற்றும் நாம், சோதனைச் சாலையில் மக்களுக்காகப் போராடியவரை எளிதில் மறந்து விடுகிறோம். அவ்வாறு மறக்கலாகாத பெருமகன் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி ஆவார்.

1873-இல் பிஹாரிலுள்ள ஜமால்பூரில் பிறந்த அவர், கணிதமும் ரசாயனமும் கற்றுத் தேர்ந்து, வைத்தியத் துறையில் புகுந்தார். 1905 முதல் கல்கத்தா காம்பெல் வைத்தியப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். வங்காளத்தையும் அஸ்ஸாமையும் அக்காலத்தில் காலா அஜார் என்னும் கொடுஞ்சுரம் சூறையாடிக் கொண்டிருந்தது. அதன் கிருமியைப் பற்றி 1903-இல் லீஷ்மன் இங்கிலாந்திலிருந்தும், டானவன் நமது சென்னையிலிருந்தும் வெளியிட்டனர்.

இக்கிருமியின் சூழ்ச்சி விசித்திரமானது. மணல் ஈயின் கடியால் உடலினுள் புகும் அதனை, அந்நியக் கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே அமைந்த அணுக்கள் விழுங்குகின்றன. ஆனால் அது சாவதில்லை. காவலனின் வீட்டிலேயே குடியேறிப் பெருகுகின்றது. இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் மிகுதியாகத் தோன்றினும், அணுவினுள் ஒளிந்த பகையை அவை எட்டுவதில்லை. காவலனைத் தட்டியெழுப்ப வேண்டிய வேறு வெள்ளை அணுக்களும் சோர்ந்து போகின்றன. மண்ணீரல் வீங்குகிறது; இரத்தம் குன்றுகிறது. காப்பிழந்த உடலில் நிமோனியா, சீதபேதி முதலியன புகுந்து உயிரைக் கவர்கின்றன. சிகிச்சை பெறாதவர் பிழைப்பது அரிது.

ஆண்டிமனி உப்புக்கள் இந்நோய்க்கு முன்பே வழங்கின. அவற்றின் நச்சுத்தன்மையோ பெரிது. மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் இல்லாத சிற்றறையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில் உழைத்த பிரம்மச்சாரி, 1920-இல் யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தைக் கண்டார். அஸ்ஸாமில் மட்டும் லட்சக்கணக்கானோர் அதனால் உயிர் தப்பினர்.

வெற்றி கண்ட பின்பும் அவர் ஓயவில்லை. குணமடைந்தோர் சிலரின் தோலில் தோன்றிய புள்ளிகளையும் கட்டிகளையும் ஆராய்ந்து, கிருமி அங்கே பதுங்கியிருப்பதை 1922-இல் உலகுக்கு அறிவித்தார். நலமாக நடமாடும் அத்தகையவரைக் கடிக்கும் ஈயும் நோயைப் பரப்ப வல்லது. நோயாளி எழுந்து நடந்தவுடன் போர் முடிந்துவிடவில்லை என்னும் இவ்வுண்மையே அவர் நமக்கு விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் என்போம்.

1946-இல் அவர் மறைந்தார். அவருடைய மருந்தின் இடத்தை இன்று வேறு மருந்துகள் கொண்டுள்ளன. 2023-இல், காலா அஜாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து அகற்றிய முதல் நாடாக வங்காள தேசத்தை உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. ஆயினும் தோலில் பதுங்கிய கிருமியைத் தேடும் பணி நின்றபாடில்லை. பகை ஒழிந்ததென்று நாம் அயர்ந்திருத்தல் ஆகாது. சிற்றறையில் விளக்கேற்றி உழைத்த அப்பெரியோனின் விழிப்பு நமக்கும் வேண்டும்.