ஆப்ஜெக்டுக்கு உயிர் கொடுத்த நார்வேக்காரர்

ஜாவா லேபில் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று எழுதித் தள்ளுகிறோமே, அவற்றை நமக்குத் தந்த கிறிஸ்டன் நிகார்டை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1926 ஆகஸ்ட் 27 அன்று ஆஸ்லோவில் பிறந்தார். கணிதம் படித்தார். 1948 முதல் நார்வே பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அணு உலைக்கான கணக்குகளைப் போட்டவர், 1960-ல் நார்வே கணிப்பொறி மையத்துக்கு வந்தார். நிஜ வாழ்க்கையில் நடப்பதைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்க ஒரு மொழி வேண்டும் என்பது அவர் ஆசை. ஓலே யோஹான் டால் என்ற நண்பரோடு சேர்ந்து சிமுலாவை உருவாக்கினார்.

அவர்கள் எடுத்துக்கொண்ட ஓர் உதாரணம், பாலத்துச் சுங்கச்சாவடி! லாரியும் நிற்குது, பஸ்ஸும் நிற்குது. வரிசைக்குத் தெரிய வேண்டியது வண்டி என்பது மட்டுமே. பொதுக் குணம் மேலே, தனிக் குணம் கீழே. இப்படித்தான் சிமுலா 67-ல் கிளாஸ், சப்கிளாஸ், விர்ச்சுவல் புரொசீஜர் எல்லாம் வந்தன. பின்னால் வந்த சி பிளஸ் பிளஸ்ஸுக்கும் அதுவே வழிகாட்டி.

இன்று ஸ்பிரிங்கில் கன்ஸ்ட்ரக்டர் தலையில் ஆட்டோவயர்டு என்று ஓர் அனொட்டேஷன் போடுகிறோம். தனக்கு வேண்டிய ஆப்ஜெக்டை அந்தக் கிளாஸ் தானே உருவாக்காது. கன்டெய்னர் வெளியிலிருந்து கொடுத்துவிடும். இதைத்தான் டிபென்டன்சி இன்ஜெக்ஷன் என்கிறோம். டெஸ்டுக்குப் போலி ஆப்ஜெக்ட் கொடுத்தாலும் கிளாஸில் கை வைக்க வேண்டாம். ஜாவாவில் அனொட்டேஷன் வந்தது 2004-ல், அவர் மறைந்த பிறகு. ஆனால் தத்துவம் அதே சுங்கச்சாவடிதான்: கிளாஸ் கேட்பது வண்டி, லாரியா பஸ்ஸா என்பது வெளியே முடிவாகும்.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. கம்ப்யூட்டர் தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது, பட்டறையில் நிற்பவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் நிகார்ட், இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு கைகோத்தார். அந்த இயந்திரம் தங்கள் வேலையை என்ன செய்யும் என்று தொழிலாளர்களே படித்தறிந்து, நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேச வழி செய்தார். புது சிஸ்டம் வருமுன் தொழிலாளருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் அங்கே பிறந்தன. நாளைக்கு ஷாப் ஃப்ளோரில் நிற்கப்போவது நாமதானே!

2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. 2002 ஜூன் 29 அன்று டால் மறைந்தார். சரியாக 42-ஆம் நாள், ஆகஸ்ட் 10 அன்று நிகார்டும் போய்விட்டார்.

இயந்திரத்தைக் கற்போம், அதன் முன் நிற்கும் மனிதனையும் மறவாதிருப்போம்!