பார்வை போனாலும் மூளை சும்மா இருக்காது: யார் இந்த லூயி பிரெயில்?

கண் தெரியாதவங்களுக்கு மூளையில் பார்வைக்கான பகுதி வீணாகிவிடுமா? இல்லை என்பதற்குச் சாட்சி, பிரெயில் எழுத்து.

1809-ல் பாரிஸ் அருகே கூவ்ரே கிராமத்தில் பிறந்தவர் லூயி பிரெயில். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். 3 வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடியபோது கூரான கருவி கண்ணில் குத்திவிட்டது. தொற்று மறு கண்ணுக்கும் பரவ, 5 வயதில் பார்வை முழுசா போச்சு.

10 வயதில் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ராணுவ அதிகாரி பார்பியேவின் 12 புள்ளி முறை அறிமுகமானது. ஆனா, அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அதை 6 புள்ளிகளாகச் சுருக்கினார் பிரெயில். அப்போ அவருக்கு வயசு 15 தான்!

பிறகு அங்கேயே ஆசிரியரானார். 1852-ல், 43 வயதில் காசநோயால் இறந்தார். அவர் பாடம் நடத்திய பள்ளியே 1854-ல்தான் அந்த எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது.

இன்னொரு உண்மை தெரிய 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சின்ன வயசிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வேலை செய்தது, பார்வைக்கான அதே பகுதி! கண்ணிலிருந்து தகவல் வராததால், அந்த நரம்புச் சுற்றுகளை விரலுக்குக் கொடுத்திருக்கிறது மூளை.

பிரெயில் கொடுத்தது ஒரு எழுத்து. அதைப் படிக்க மூளை தானே இடம் ஒதுக்கிக்கொண்டது.