சர்வாதிகாரியின் தயவை நம்பாத குருவானவர்

ஒரு நாட்டின் தலைவர் பாடசாலைச் சுவர்களில் பாடுபட்ட சுரூபத்தை மீண்டும் மாட்டுவிக்கிறார். குருக்களின் வேதனத்தைக் கூட்டுகிறார். ஆரம்பப் பாடசாலைகளில் சமயபாடத்தைக் கட்டாயமாக்குகிறார். அவரை நல்லவர் என்றுதானே நீங்கள் எண்ணுவீர்கள்? 1922, 1923ஆம் ஆண்டுகளில் இத்தாலியக் கத்தோலிக்கருள் அநேகர் அப்படித்தான் எண்ணினார்கள். அந்தத் தலைவர் பெனிற்றோ முசோலினி. இளமையில் குருக்களை ஏளனம் செய்து எழுதியவர். அவரை நம்ப மறுத்தவர்களுள் முதன்மையானவர் வண. லூயிஜி ஸ்ரூர்சோ அடிகளார்.

அடிகளார் 1871இல் சிசிலித் தீவின் கல்த்தாஜிரோனே நகரில் பிறந்து, 1894இல் குருப்பட்டம் பெற்றார். தொழிலாளர் நிலைபற்றிப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் வெளியிட்ட சுற்றுமடல் அவரை ஏழைக் குடியானவர்களின் பக்கம் திருப்பியது. கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார். 1905 முதல் 1920 வரை அந்நகரின் பதில் நகரபிதாவாகவும் விளங்கினார்.

1919 ஜனவரி 18இல் இத்தாலிய மக்கள் கட்சியைத் தொடங்கியபோது, கத்தோலிக்கம் என்ற சொல்லை அதன் பெயரில் அவர் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. வேதத்தைக் கொடியாக்கி வாக்குக் கேட்பதும், கட்சியின் தவறுகளுக்குத் திருச்சபை பழி சுமப்பதும் அவருக்கு ஒவ்வாதவை. அவ்வாண்டுத் தேர்தலிலேயே 508 ஆசனங்களில் 100 அக்கட்சிக்குக் கிடைத்தன.

1922 ஒக்டோபரில் முசோலினி ஆட்சிக்கு வந்ததும், மக்கள் கட்சியினர் சிலரும் அமைச்சர்களாயினர். 1923 ஏப்ரலில் தூரின் நகரில் கூடிய மாநாட்டில் அடிகளார் பாசிசத்துக்கு வளைந்துகொடுக்க மறுத்தார். உடனே அவ்வமைச்சர்கள் பதவி இழந்தனர். பின்பு திருச்சபைமீதே மிரட்டல்கள் எழுந்தன. ஜூலை 10இல், வத்திக்கானின் விருப்பத்துக்கு இணங்கி, அடிகளார் கட்சிச் செயலாளர் பதவியைத் துறந்தார். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. குரு என்ற முறையில் கீழ்ப்படிந்தார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அதே மாதம் பாராளுமன்றத்தில் புதிய தேர்தற் சட்டம் வந்தது. முதலிடம் பெறும் கட்சி நூற்றுக்கு 25 வாக்குகள் பெற்றாலே மூன்றில் இரண்டு பங்கு ஆசனங்கள் அதற்கு உரியன! தலைவரை இழந்த மக்கள் கட்சியினருள் பெரும்பாலோர் வாக்களியாதிருந்தனர். சிலர் ஆதரித்தே வாக்களித்தனர். பழைமை பேணும் பிரபுக்களும் நிலக்கிழாரும் சமயத்தைக் காக்கிறோம் என்று சொல்லி முசோலினியின் பக்கம் சாய்ந்தனர். ஓகஸ்ட் 23இல் அர்ஜென்ரா ஊரின் பங்குக்குரு ஜோவான்னி மின்சோனி பாசிசக் குண்டர்களால் அடித்துக் கொல்லப்பட்டார். சமயத்தைக் காத்த இலட்சணம் இது.

1924 ஜூனில் சமவுடைமைத் தலைவர் மத்தெயோத்தி கொலையுண்டார். ஒக்டோபரில் ஸ்ரூர்சோ அடிகளார் இலண்டனுக்குச் சென்றார். அது 22 ஆண்டு அஞ்ஞாதவாசமாக நீண்டது. சர்வாதிகாரத்தைத் தோலுரிக்கும் நூல்களையும் கட்டுரைகளையும் அங்கிருந்து எழுதினார். 1926இல் அவரது கட்சி தடைசெய்யப்பட்டது.

1929இல் முசோலினி திருச்சபையுடன் உடன்படிக்கை செய்தபோது, அடிகளாரின் பிடிவாதம் வீணாயிற்று என்று பலருக்குத் தோன்றியிருக்கும். இரண்டே ஆண்டுகள்தான். 1931இல் அதே அரசு கத்தோலிக்க இளைஞர் சங்கங்களை மூடியது. பாப்பரசர் 11ஆம் பத்திநாதரே சுற்றுமடல் எழுதிக் கண்டிக்க நேர்ந்தது.

1940இல் அமெரிக்கா சென்ற அடிகளார் 1946இல், குடியரசாகிவிட்ட தாய்நாட்டுக்குத் திரும்பினார். அவருக்குப்பின் கட்சியை நடத்திச் சிறையும் சென்ற அல்சிடே டி காஸ்பரி அப்போது பிரதமர். 1952இல் ஆயுட்கால செனற்றராக நியமனம் பெற்ற அடிகளார், 1959 ஓகஸ்ட் 8இல் உரோமையில் இறைவனடி சேர்ந்தார். அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான விசாரணை 2002இல் தொடங்கியது.