மரங்களின் செவிலித்தாய்

பிள்ளைகளே, மழை பெய்த மறுநாள் மரத்தடியில் குடை விரித்து நிற்கும் காளானைப் பார்த்திருப்பீர்கள். அது வெளியே தெரிகிற பகுதி மட்டும்தான். மண்ணுக்குள் மெல்லிய நூல் நூலாக அதன் உடல் பரவிக் கிடக்கிறது. அந்த நூலுக்கும் மரத்தின் வேருக்கும் உள்ள உறவை விளக்கியவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க்.

இவர் 1839ம் ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். லைப்சிக் நகரில் தாவரவியல் படித்தார். 1881ல் பெர்லின் வேளாண் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

அப்போது பிரஷ்ய அரசு இவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. 'டிரஃபிள்' என்று ஒரு பூஞ்சை உண்டு. உருளைக்கிழங்கு போல மண்ணுக்கடியில் விளையும். மோப்பம் பிடிக்கப் பன்றியையோ, நாயையோ அழைத்துச் செல்வார்கள். விலையோ யானை விலை! அதைப் பயிரிட வழி உண்டா என்று பார்க்கச் சொன்னார்கள்.

ஓக், பீச் மரங்களின் வேர்களைத் தோண்டி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் ஃபிராங்க். வேர் நுனிகளுக்கெல்லாம் உறை போட்டது போலப் பூஞ்சை மூடியிருந்தது. டிரஃபிள் விளையாத இடங்களிலும் அப்படியே!

வேரில் பூஞ்சை இருந்தால் அது நோய் என்றே அன்று நினைத்தார்கள். ஃபிராங்கே பயிர் நோய்கள் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர்தான். ஆனால், இந்த மரங்கள் நன்றாகத் தழைத்து நின்றனவே! பூஞ்சை மண்ணிலிருந்து நீரையும் சத்தையும் உறிஞ்சி மரத்துக்கு ஊட்டுகிறது. அது மரத்தின் செவிலித்தாய் என்று 1885ல் எழுதினார். அந்த வேருக்கு 'மைகோரைசா' என்று பெயரும் வைத்தார். கிரேக்க மொழியில் பூஞ்சை வேர் என்று பொருள். இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்கு மரம் தருகிறது.

பலர் நம்பவில்லை. ஃபிராங்க் சண்டைக்குப் போகாமல் பைன் கன்றுகளை வளர்த்தார். சிலவற்றுக்குச் சூடாக்கிப் பூஞ்சையைக் கொன்ற காட்டு மண். மற்றவற்றுக்குச் சூடாக்காத மண். பூஞ்சை இருந்த மண்ணில்தான் கன்றுகள் செழித்தன. டிரஃபிள் பயிரிடும் வழி மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1900ல் பெர்லினில் காலமானார்.

1997ல் கனடா நாட்டுக் காட்டில் சூசன் சிமார்ட் குழுவினர், பிர்ச் மரக்கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுக்கும் இடையே கார்பன் போய் வருவதைக் கண்டனர். பூஞ்சை நூல் வழியாக எவ்வளவு போகிறது என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள்.

கன்றைப் பிடுங்கி நடும்போது வேரில் ஒட்டிய மண்ணை உதறாதே என்று பள்ளித் தோட்டத்தில் என் மாணவர்களிடம் சொல்வேன். போர்ட்டோ ரிகோ தீவில் நட்ட பைன் கன்றுகள் தேறவே இல்லை. 1955ல் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் அவை வளரத் தொடங்கின.