அகலத்திரை கண்ட ஏ.பி. நாகராஜன்

சேலம் மாவட்டம் சங்ககிரியை அடுத்த அக்கம்மாபேட்டையில் 1928ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் பிறந்தவர் ஏ.பி. நாகராஜன். இளமையிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பள்ளி கற்பிக்காததை மேடை அவருக்குக் கற்பித்தது. பெண் வேடம் புனைந்து நடித்தார். நடிப்பினூடே தமிழைப் பிழையறப் பேசக் கற்றார். பின்னர் நாடகம் எழுதலானார். அவர் எழுதிய ‘நால்வர்’ நாடகம் 1953இல் திரைப்படமானபோது, எழுத்தோடு நடிப்பையும் அவரே ஏற்றார். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தில் கொண்ட ஈடுபாடு அவருடைய மொழிப்பற்றை வலுப்படுத்தியது.

1957இல் வெளிவந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’ படத்தில் கதைத்தலைவனைக் கொங்குத் தமிழ் பேச வைத்தார். 1962இல் ‘வடிவுக்கு வளைகாப்பு’ மூலம் இயக்குநரானார். ‘நவராத்திரி’, ‘திருவிளையாடல்’, ‘சரஸ்வதி சபதம்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ எனப் படங்கள் தொடர்ந்தன. ‘திருவிளையாடல்’ படத்தில் இறைவனோடு வாதிடும் நக்கீரர் அவரேதான்.

இத்தனை வெற்றிக்குப் பின்னரும் அவர் துணிந்து இறங்கிய முயற்சி ஒன்று உண்டு. அதுவரை வந்த தமிழ்ப் படங்களின் சட்டகம் ஏறத்தாழச் சதுரம். உயரம் ஒரு பங்கெனில் அகலம் 1.37 பங்கு. நாடக மேடையோ அகன்று விரிவது. பிரான்சு நாட்டு வானியல் அறிஞர் ஆன்றி கிரெத்தியேன் 1920களில் ஒரு வில்லையை வடிவமைத்தார். அது விரிந்த காட்சியைக் கிடைமட்டமாக மட்டும் பாதியாக நெருக்கிப் படச்சுருளில் பதிக்கும். திரையிடும்போது வேறொரு வில்லை அதனை மீண்டும் இரட்டிப்பாக விரிக்கும். 1953இல் அமெரிக்காவில் ‘தி ரோப்’ படத்தின் வழியே இம்முறை சினிமாஸ்கோப் என்னும் பெயரோடு புகழ்பெற்றது. அகலம் 2.55 பங்காக இருந்து, பின்னர் 2.35 என நிலைத்தது. இந்தியாவில் 1959இல் குரு தத் இயக்கிய ‘காகஸ் கே ஃபூல்’ இம்முறையில் முதலில் வந்து தோல்வியுற்றது. அதன்பின் தம் பெயரில் அவர் எப்படத்தையும் இயக்கவில்லை. அந்தத் தோல்வி அறியப்பட்டிருந்த காலத்திலேயே நாகராஜன் அகலத்திரையைத் தேர்ந்தார்.

தாம் வளர்ந்த நாடகக் குழு மேடையேற்றிய அரு. ராமநாதனின் ‘ராஜராஜ சோழன்’ நாடகத்தையே அதற்கு எடுத்துக்கொண்டார். ஜி. உமாபதி தயாரித்தார், சிவாஜி கணேசன் மன்னரானார். தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் படமெடுக்க இசைவு கிடைக்காமையால், கோயிலை அரங்கமாக எழுப்ப வேண்டியதாயிற்று. 1973இல் வெளிவந்த இதுவே தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அரசவையும் அணிவகுப்பும் அகலச் சட்டகத்துக்கு ஏற்றவை. ஆனால் 216 அடி உயர விமானம் நெட்டுக்கு நிற்பது. சட்டகமோ படுத்துக் கிடப்பது. இந்த முரண்பாட்டைத் தமிழில் முதலில் எதிர்கொண்டவர் அவர்தாம். அதே ஆண்டில் ‘காரைக்கால் அம்மையார்’ படத்தையும் தந்தார். 1977 ஏப்ரல் 5ஆம் நாள், தம் நாற்பத்தொன்பதாம் அகவையில் மறைந்தார்.

இவ்வகைப் படமொன்றை இன்று ஒளிவட்டில் காண்போர் முதலில் அறிய வேண்டியது, சட்டகம் முழுமையாக உள்ளதா என்பதே. 4:3 என்னும் பழைய தொலைக்காட்சி அளவுக்கு வெட்டப்பட்டிருந்தால், இயக்குநர் அமைத்த காட்சியில் ஏறத்தாழ 43 விழுக்காடு காணாமற் போயிருக்கும். அவையின் ஓரத்தில் நின்று மறுமொழி கூறும் அமைச்சர் முற்றாகவே மறைந்திருப்பார். நம் நாட்டு டி.வி.டி. வட்டில் படம் 720 புள்ளி அகலமும் 576 வரி உயரமுமாகப் பதிவாகிறது. 16:9 அளவுக்கு அதனை விரித்தால் அகலம் 1024 ஆகும். மேலும் கீழும் உள்ள கருப்புப் பட்டைகளை நீக்கி, எஞ்சிய வரிகளை எண்ண வேண்டும். அவை 436 எனில், 1024ஐ 436ஆல் வகுக்க 2.35 கிடைக்கும், அப்போது சட்டகம் முழுமையானது. விரிக்காமல் 720ஐ அப்படியே வகுத்தால் 1.65 என்னும் பிழையான விடையே வரும். கணக்கிட இயலாதோர் தேர்ச்சக்கரம், முரசின் முகம் போன்ற வட்டப் பொருள் நேர்முகமாகத் தோன்றும் காட்சியில் படத்தை நிறுத்தி, அளவுகோலால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பார்க்கலாம். இரண்டும் ஒத்துவராவிடின், படம் நெருக்கப்பட்டோ இழுக்கப்பட்டோ உள்ளது.