வி. வி. கிரி

வராககிரி வெங்கட கிரி (ஆகஸ்ட் 10, 1894 - ஜூன் 24, 1980) இந்தியத் தொழிற்சங்கத் தலைவரும் இந்தியாவின் நான்காவது குடியரசுத் தலைவரும் ஆவார். தொழில் தகராறுகளைத் தீர்ப்பாயத்திற்குக் கொண்டு செல்லாமல் பேச்சுவார்த்தை மூலம் தீர்க்க வேண்டும் என்ற இவரது கொள்கை கிரி அணுகுமுறை எனப்படுகிறது.

இளமை

இன்றைய ஒடிசாவிலுள்ள பெர்காம்பூரில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜோகையா பந்துலு வழக்கறிஞர். 1913 இல் டப்ளின் சென்று சட்டம் பயின்றார். அயர்லாந்து விடுதலை இயக்கத்துடன் கொண்ட தொடர்பினால் 1916 இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்.

தொழிற்சங்கப் பணி

வங்காள நாகபுரி இரயில்வே தொழிலாளர்களை வழிநடத்தினார். அனைத்திந்தியத் தொழிற்சங்கப் பேரவையின் தலைவராக 1926 இலும் 1942 இலும் இருந்தார். 1937 இல் இராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது கைதாகி வேலூர், அமராவதி சிறைகளில் இருந்தார். 1945 இல் விடுதலையானார்.

கிரி அணுகுமுறை

1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இரு வழிகள் இருந்தன. வேலூர், ஆம்பூர் வட்டாரத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றில் ஊதியத் தகராறு எழுந்தால், சமரச அலுவலர் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார். தீர்ப்புக் கூறும் அதிகாரம் அவருக்கு இல்லை. உடன்பாடு ஏற்பட்டால் அது 12(3) ஒப்பந்தமாகி, சங்கத்தில் சேராத தொழிலாளர்கள் உட்பட அனைவரையும் கட்டுப்படுத்தும். ஏற்படாவிட்டால் அவர் அரசுக்கு அறிக்கை அனுப்புவார். அரசு தகராறைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்பலாம்.

1952 இல் நடுவண் தொழிலாளர் அமைச்சரான கிரி, இரண்டாம் வழியான கட்டாயத் தீர்ப்பு முறையை எதிர்த்தார். தீர்ப்பில் ஒரு தரப்பு தோற்பதால் பகை நீடிக்கும் என்றும், வெளியார் தீர்ப்பை நம்பும் சங்கம் தன் வலிமையை இழக்கும் என்றும் கருதினார். வலுவற்ற சங்கங்களுக்குத் தீர்ப்பாயமே பாதுகாப்பு என்பது எதிர்த்தரப்பின் வாதம். அவரது யோசனை சட்டமாகவில்லை.

பதவி விலகல்

1954 இல் வங்கி ஊழியர் தகராறில் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்பை நடுவண் அரசு ஊழியர்களுக்குப் பாதகமாகத் திருத்தியது. தீர்ப்பு முறையை விரும்பாதவராயினும், அளிக்கப்பட்ட தீர்ப்பை அரசே மாற்றுவதை ஏற்காமல் கிரி அவ்வாண்டு ஆகஸ்ட்டில் பதவி விலகினார்.

பிற்காலம்

1969 முதல் 1974 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். 1975 இல் பாரத ரத்னா விருது பெற்றார். சென்னையில் காலமானார். நொய்டாவிலுள்ள தேசியத் தொழிலாளர் நிறுவனத்திற்கு 1995 இல் இவரது பெயர் சூட்டப்பட்டது.